பெருமணலும் பாலையும்

ஐந்திணைப் பாடம் நடக்கும் வகுப்பறைகளில் கரும்பலகை ஐந்து கட்டங்களாகப் பிரிகிறது. குறிஞ்சிக்கு மலையும் மலை சார்ந்த இடமும், முல்லைக்குக் காடும் காடு சார்ந்த இடமும், மருதத்துக்கு வயலும் வயல் சார்ந்த இடமும், நெய்தலுக்குக் கடலும் கடல் சார்ந்த இடமும், பாலைக்கு மணலும் மணல் சார்ந்த இடமும். ஓசை ஒழுங்காக அமைந்த வாய்பாடு. ஒரு முறை மனத்தில் பதிந்தால் நரை விழுந்த பின்னும் நீங்காது. அந்த ஒழுங்கிலேதான் குற்றமும் புகுந்திருக்கிறது. ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் மணல் அங்கே நிற்கவேண்டிய பொருள் அன்று.

தானா ராத்தாவை அடுத்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு மலை தெரியும், காடு தெரியும். மணல் தெரியாது. லூமுட் கடற்கரைக்கு ஒரு நாள் சுற்றுலா போய் வந்தபின் அப்பிள்ளை, "கடல் ஓரத்தில் கிடப்பதும் மணல்தானே, ஐயா? அது நெய்தலா, பாலையா?" என்று கேட்டால் வாய்பாட்டில் அதற்கு விடை இல்லை. இலக்கணத்தில் உண்டு. விடையை நிலத்தோடு வைத்துப் பார்க்க ஏற்ற ஓர் ஊரும் தமிழகத்தில் உண்டு. அது திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடக்கும் குலசேகரப்பட்டினம்.

முதலில் இலக்கணத்தைக் காண்போம். நானிலத்தைப் பெயரிட்டுச் சொல்லும் தொல்காப்பியர் முல்லையைக் காட்டால் குறிக்கிறார். குறிஞ்சியை மலையால் குறிக்கிறார். மருதத்தை இனிய புனலால் குறிக்கிறார். வருணன் மேவிய நெய்தலை அவர் குறிக்கும் சொல் 'பெருமணல்' என்பது. கடல் என்றுகூட அவர் சொல்லவில்லை. பாலைக்கோ அவர் நிலமே சொல்லவில்லை. நடுவுநிலைத் திணை என்று பெயர் தந்து, நண்பகலையும் வேனிலையும் உரிய பொழுதாக்கி, பின்பனியையும் சேர்த்துவிட்டு அமைந்தார். ஆக, மூலநூலில் மணல் நெய்தலின் உடைமை; பாலையின் உடைமை பொழுது.

பின்வந்தோர் மணலைப் பாலைக்கு மாற்றினரோ எனில், அதுவும் இல்லை. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு வழி சொல்லும்போது, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலையையே பாலை என்கிறான். அங்கே மணல் பேசப்படவில்லை. நிலம் சொல்லியே தீரவேண்டும் என்று எண்ணிய நாற்கவிராச நம்பியும் தம் அகப்பொருள் நூலில் பாலைக்குச் 'சுரம்' என்றுதான் எழுதினார். சுரம் என்பது நீரற்ற அருவழி. சங்கப் பாடல்களில் அவ்வழியில் நடப்பவன் காலைப் பரற்கற்கள் உறுத்துகின்றன, யாவும் ஓமையும் இலை உதிர்த்து நிற்கின்றன, வெயிலில் மூங்கில் வெடிக்கிறது, கள்ளி காய்கிறது, பருந்து கூவுகிறது. அந்தச் சுரத்தின் மெய்யான முகம் கல்லும் வறண்ட மலைச்சரிவுமே. மணலைத் தேடுவோர் நெய்தற் பாடல்களுக்குப் போகவேண்டும். எக்கர் எக்கராக அங்கே அது குவிந்திருக்கிறது. புன்னை அதில் நிற்கிறது. அடும்பு அதில் படர்கிறது. சிறுமியர் அதில் சிற்றில் இழைக்கின்றனர்.

அரபு நாட்டுப் படங்களையும் சகாராவின் ஒட்டகங்களையும் பார்த்துப் பழகிய பிற்காலக் கண், 'பாலைவனம்' என்ற சொல்லை அவற்றுக்குச் சூட்டியது. அதில் பிழை இல்லை. புதிய பொருளுக்குப் பழைய சொல் வேண்டும். ஆனால் சூட்டிய பெயர் திரும்பி வந்து பழைய திணையின் நிலத்தையே மாற்றிவிட்டது. இதுவே பிழை.

இனி ஊர். குலசேகரப்பட்டினம் பாண்டியன் குலசேகரன் பெயரைத் தாங்கிய பழைய துறைமுகம். அதன் கிழக்கே கடல், வடக்கே திருச்செந்தூர், தெற்கே மணப்பாடு, மேற்கே உடன்குடி. உடன்குடியைத் தாண்டி உள்ளே போனால் தேரி தொடங்குகிறது. தேரி என்பது செம்மணற் பரப்பு. குதிரைமொழித் தேரி, சாத்தான்குளத்துத் தேரி, இட்டமொழித் தேரி என்று தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களின் கடலோரத்தை ஒட்டி அது விட்டுவிட்டுக் கிடக்கிறது. இரும்புச் சத்து படிந்து அம்மணல் செந்நிறம் பெற்றது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அது எழுந்து பறந்து, மேடு இருந்த இடம் பள்ளமாகவும் பள்ளம் இருந்த இடம் மேடாகவும் மாறும். அங்கே பனையும் உடைமரமும் தவிர வேறு மரம் நிலைப்பது அரிது. கொல்லாமா பிற்காலத்து நடவு. நுண்கற்கருவிகள் இத்தேரிகளில் கிடைத்தமையால் ஆய்வாளர் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினர். ஆகவே மனிதன் காலடி இம்மணலில் மிகப் பழையது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல் பெருமகனார் நெடுங்காலம் வாழ்ந்து அடங்கிய இடையன்குடியும் இத்தேரிப் பகுதியிலேதான் இருக்கிறது. தமிழறிஞர் அவரைப் படிக்கிறார்கள். அவர் காலில் ஒட்டிய மணலைக் கருதுவார் குறைவு.

இந்தத் தேரி நெய்தலா, பாலையா? மணல் என்பதால் பாலை என்று வாய்பாடு சொல்லும். தொல்காப்பியத்தின் வழி நின்றால் விடை சற்று நுட்பமானது. பிறப்பால் இது பெருமணல்; கடற்காற்றும் கடலோரமும் கூடிச் செய்த பொருள். ஆனியிலும் ஆடியிலும் நண்பகலில் அதன்மேல் நடப்பவனுக்கு அது பாலை. கால் வேகும், நிழல் இராது, நாவறளும். அதே தேரியின் நடுவே மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனைநீர் ஊறுகிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் தேரியின் ஓரத்துத் தருவைகளில் நீர் ஏரிபோல் நிற்கும். ஒரே நிலம் பொழுதால் பாலையாகிறது, பொழுதால் மீள்கிறது. பாலைக்கு நிலம் சொல்லாமல் பொழுது மட்டும் சொன்ன ஆசிரியர் எத்துணை எச்சரிக்கையோடு சொன்னார் என்பதை இத்தேரியில் நின்றால் உணரலாம்.

"திணை என்பது புலவர் நெறி, அதை நிலநூலோடு பொருத்துவது வீண்" என்று கூறுவார் உளர். பாதி உண்மை. புலவர் நெறிதான், ஆனால் உப்பு விற்கும் உமணர் புலவரின் கற்பனையில் மட்டும் வாழ்ந்தவர் அல்லர். நெய்தலில் விளைந்த உப்பை வண்டியேற்றிச் சுரத்தின் வழியே உள்நாட்டுக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள். அம்மூவனார் அகநானூற்றில் உப்புக்கு நெல் மாற்றும் பெண்ணைத் தெருவில் கூவ வைக்கிறார். வேறு பாடல்களில் உமணர் சமைத்துவிட்டுப் போன அடுப்புகள் சுரத்திடையே கிடக்கின்றன. பின்னால் வந்த மறவர் அவ்வடுப்பில் ஊன் சமைக்கின்றனர். நெய்தலையும் பாலையையும் இணைத்த பாதை உப்புப் பாதை. குலசேகரப்பட்டினத்தின் பெயர் இருபதாம் நூற்றாண்டில் நாடறியப் பரவியதும் உப்பாலேதான்.

தொல்காப்பியர் அகத்திணை ஒவ்வொன்றுக்கும் புறத்திணை ஒன்றைப் பொருத்தினார். குறிஞ்சிக்கு வெட்சி, முல்லைக்கு வஞ்சி, மருதத்துக்கு உழிஞை, நெய்தலுக்குத் தும்பை, பாலைக்கு வாகை. நெய்தலுக்கு ஏன் தும்பை? பெருவேந்தர் இருவர் நேர்நின்று பொருவதற்கு மலையும் காடும் கழனியும் இடங்கொடா. களரும் மணலும் பரந்த வெளி வேண்டும். அத்தகைய வெளி கடலோரத்தில்தான் வாய்க்கும். பொழுது படுவதோடு போர் ஓயும்; நெய்தலுக்குரிய பொழுது எற்பாடு. போரின் முடிவில் எழுவது இரங்கல். நெய்தலின் உரிப்பொருளும் அதுவே. இவ்வாறு உரை கண்டவர் காரணம் காட்டினர். எற்பாடு மாலையா, காலையா என்ற வழக்கு உரையாசிரியரிடையே உண்டு. அது இங்கு வேண்டுவதில்லை.

இக்காரணத்தைப் படிக்கும் மாணவன் உரையாசிரியர் வலிந்து பொருத்தினார் என்று நினைப்பான். ஆனால் 1942-ஆம் ஆண்டு எகிப்து நாட்டில் நடந்தது என்ன? அலெக்சாந்திரியாவுக்கு மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் எல் அலமைன் என்று ஒரு சிற்றூர். போருக்கு முன் அது ஒரு சிறு ரயில் நிலையம். வேறு சிறப்பு இல்லை. வடக்கே கடல், தெற்கே காத்தாராப் பள்ளம் என்னும் கடத்தற்கரிய உவர்நிலம், இடையே மணலும் கல்லும் பரந்த வெறுவெளி. எந்தப் படையும் சுற்றிவளைத்துச் செல்ல முடியாத அவ்விடத்தில் மான்ட்கோமரியின் படையும் ரோம்மலின் படையும் அக்டோபர் 23 முதல் நேர்நின்று பொருதன. அரபு மொழியில் அலமைன் என்பதற்கு 'இரு கொடிகள்' என்றும் பொருள் கொள்ளலாம். தும்பைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர்ப்பெயர் வேண்டுமா? மணலில் கிடக்கும் கல்லறைகள் 7,000-க்கு மேல். எரியூட்டப்பெற்ற இந்தியப் படைவீரர் 600-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே தனி நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. உரையாசிரியரின் களரும் மணலும், இரங்கலும் அங்கே அப்படியே இருக்கின்றன.

விதி எங்கும் செல்லும் என்று கொள்வதும் தவறு. மலாயாவில் சப்பானியர் 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவை அடுத்த சபாக் கடற்கரை மணலில்தான் இறங்கினர். அது விதிக்கு இணங்கியது. ஆனால் ஆண்டின் இறுதியில் கம்பாரில் நடந்த பெரும் போர் மலையடிவாரத்து மேடுகளில் நடந்தது. கேமரன் மலைத் தொடரின் மேற்குச் சரிவுக்குக் கீழேதான் அவ்வூர். உரையாசிரியர் கம்பாரைக் கண்டிருந்தால் தம் காரணத்தைச் சற்றுத் தளர்த்தியிருப்பார். ஆயினும் ஒன்று: அங்கே மேட்டில் உறுதியாக நின்ற படையைப் பின்வாங்க வைத்தவற்றுள் ஒன்று, கடல் வழியாகப் பின்புறம் வந்திறங்கிய பகைவர்படை.

எல் அலமைனில் பெரும் போர் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் முன்னர், அதே 1942 செப்டம்பரில், குலசேகரப்பட்டினத்து மணலிலும் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அந்த ஏப்ரலில்தான் கொழும்பிலும் திருகோணமலையிலும் சப்பானியக் குண்டுகள் விழுந்திருந்தன. எதிர்க்கரை அச்சத்தில் இருந்தது. ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் பிறந்து தலைவர்கள் சிறைப்பட்டனர். அதன் பின்னர் ஆறுமுகனேரிப் பகுதி இளைஞர் அடங்கிய ஒரு கூட்டம் எதிர்பாராத வேளையில் உப்பளத்து முகாமுக்குள் புகுந்து ஆயுதங்களைக் கைப்பற்றியது. அங்கு நடந்த மோதலில் உப்பிலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்டார். பலர் கைதாயினர். காசிராஜன், ராஜகோபாலன் என்னும் இருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அது பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. நாடு விடுதலையை நெருங்கிய காலத்தில் இருவரும் சிறையினின்று வெளிவந்தனர். உப்பின்மேல் இருந்த வரியும் 1947-இல் ஒழிந்தது.

இந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதுவோர் இரண்டு வகையில் தவறுகின்றனர். முதல்வகையார் அதைப் பெரும் போராக்கி, தும்பை சூடிய வீரர் என்று பாராட்டுவர். இது புகழ்ச்சி போலத் தோன்றினும் இகழ்ச்சியே. தும்பையில் இரு படையும் ஒன்றையொன்று அறிந்து, வலிமை ஒன்றையே பொருளாகக் கருதி, களம் குறித்துப் பொருகின்றன. கைப்படைக்கலம் ஏந்திய கிராமத்து இளைஞர் ஒரு பேரரசின் உப்பு முகாமைத் திடீரெனத் தாக்கியது அத்தகையதன்று. அதன் இலக்கணம் வெட்சிக்கு அணித்தானது. பகைவர் அறியாமல் சென்று அவர் உடைமையைக் கவர்வது வெட்சி. அன்று ஆநிரை, இங்கு துப்பாக்கி. புறப்பொருள் வெண்பாமாலை வெட்சியை இரண்டாக்கும்: அரசன் ஏவச் செய்வது மன்னுறு தொழில், தானே துணிந்து செய்வது தன்னுறு தொழில். காந்தியடிகளின் ஆணை அறவழிப் போராட்டத்துக்கே இருந்தது. முகாமில் புகுந்தது அவர் ஏவலால் அன்று. ஆதலின் இது தன்னுறு தொழில். இவ்வாறு சொன்னால் அவர்கள் துணிவின் அளவும் அதன் பொறுப்பும் இரண்டுமே அவர்களுடையவை என்பது விளங்கும். தும்பை மாலையைத் தூக்கிச் சூட்டினால் இரண்டும் மறைந்துபோகும்.

குறிஞ்சிக்குரிய வெட்சி மணலில் நிகழலாமா என்று கேட்கலாம். நிகழ்ந்தது. இலக்கணம் அதற்கு வழிவிட வேண்டியதுதான்.

இரண்டாம் வகைத் தவறு பெயரில் இருக்கிறது, இதுவே பெரிது. அந்நிகழ்ச்சிக்குத் தமிழில் வழங்கும் பெயர் 'குலசேகரப்பட்டினம் சதி வழக்கு' என்பது. சிலர் 'லோன் கொலை வழக்கு' என்பர். சதி என்பது யார் சொல்? குற்றம் சாட்டிய அரசின் சொல். கொலை என்பது நீதிமன்றத்தின் சொல். அவர்களைப் போற்றும் கட்டுரையும் மேடைப் பேச்சும்கூட, தலைப்பில் அவர்களைச் சதிகாரர் என்றே குறிக்கின்றன, யாருக்கும் உறுத்தவில்லை. 1857-ஐச் 'சிப்பாய்க் கலகம்' என்ற பெயரிலிருந்து மீட்க எத்தனை ஆண்டு ஆயிற்று! 1911-இல் மணியாச்சியில் நடந்ததை மக்கள் 'வாஞ்சி' என்ற பெயரோடு சேர்த்தே நினைக்கின்றனர். அந்த ரயில் நிலையமே அவன் பெயரைத் தாங்குகிறது. குலசேகரப்பட்டினம் மட்டும் ஏட்டு எண்ணைப் போல் ஒரு வழக்கின் பெயராக நிற்கிறது. தமிழாசிரியர் முயன்றால் திருத்தக்கூடிய பிழை இது. பாடத்தில் தலைப்பிடுவோர் அவர்களே அல்லரோ?

கொல்லப்பட்ட லோன் பற்றியும் ஒரு சொல். பாராட்டுரைகளில் அவர் 'வெள்ளையன் ஒருவன்' என்று கடந்து போகப்படுகிறார். புறநானூற்றுப் புலவர் எதிர்த்து மாண்டவனையும் பெயர் சொல்லிப் பாடினர். இருபெரு வேந்தரும் ஒருங்கு வீழ்ந்த களத்தில் இருவர்க்கும் இரங்கினர். எதிரியின் பெயரை மறைப்பதால் நம்மவர் பெயர் உயர்வதில்லை. அது தமிழ் மரபும் அன்று.

நெய்தலின் பக்கம் இவ்வளவு. பாலையின் புறன் வாகை என்றோம். வாகை என்றவுடன் வெற்றிமாலை என்று மாணவர் எழுதுகின்றனர். தொல்காப்பியர் கொண்ட வாகை அதனினும் அகன்றது. அவரவர் தத்தம் தொழிலில் பிறரினும் மேம்படுதலெல்லாம் வாகையே. பாலை தனக்கென நிலமின்றி எந்நிலத்தும் நிகழ்வதுபோல, வாகையும் ஒரு குலத்தார்க்கே உரியதன்றி எல்லார்க்கும் வரும் என்று உரை காரணம் காட்டும். இந்தப் பொருளில் பார்த்தால் தேரியின் வாகை எது என்று கேட்கவேண்டும். எழுதுவோர் கண் அங்கே செல்வதில்லை. ஊரின் முத்தாரம்மன் கோயில் தசராவும், பத்தாம் நாள் இரவு கடற்கரையில் நடக்கும் சூரசம்ஹாரமும், காளியாகவும் அரசனாகவும் இரவலனாகவும் வேடம் தாங்கி வரும் பக்தர் கூட்டமும் எல்லா இதழ்களிலும் வருகின்றன. பாலைக்குத் தெய்வமாகப் பிற்கால நூல்கள் சொன்ன கொற்றவையை அங்கே காண்பதும் பொருந்தும். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்ற விண்கல ஏவுதளமும் இப்போது செய்தியாகிறது. தெற்கு நோக்கி ஏவும் கலம் இலங்கையைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டாத இடம் என்பதால் இவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. இவையெல்லாம் பேசத்தக்கனவே.

ஆனால் செம்மணலில் வேறு எதுவும் விளையாத இடத்தில் பனையை நம்பி ஒரு மக்கட்கூட்டம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. பருவத்தில் ஒரு மரத்தில் காலையும் மாலையும் ஏறி, பாளை சீவி, கலயம் கட்டி, பதனீர் இறக்கி, வீட்டில் பெண்டிர் அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்கினர். உடன்குடிக் கருப்பட்டி என்றால் கடல் கடந்த தமிழரும் அறிவர். ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-இல் வெளியிட்ட 'புத்தம் வீடு' குமரி மாவட்டத்துப் பனை வாழ்வைக் கண்டு காட்டிய நாவல். ஜோ டி குரூசின் 'ஆழி சூழ் உலகு' 2004-இல் இதே கடலோரத்து மீனவர் வாழ்வை எழுதிற்று. ஒன்று பனைக்கு, ஒன்று கடலுக்கு. இரண்டும் கூடும் தேரிக்கு, அங்கே உப்பள மேட்டில் நின்ற 1942-க்கு, அத்தகைய நிறைவான புனைகதை ஒன்று வேண்டும். எழுதத் துணிபவர் முகாமில் தொடங்காமல் பனையடியில் தொடங்குவது நன்று. முகாமுக்குள் புகுந்த கைகள் அதற்கு முன் எதைப் பிடித்திருந்தன என்பது தெரியாமல் அந்த இரவைச் சொல்லிவிட முடியாது.

இனிக் கரும்பலகைக்குத் திரும்பலாம். ஐந்தாம் கட்டத்தில் 'மணலும் மணல் சார்ந்த இடமும்' என்பதை அழித்துவிட்டு, 'சுரம்; நண்பகல், வேனில்' என்று எழுதினால் போதும். நான்காம் கட்டத்தில் கடலோடு மணலையும் சேர்க்கவேண்டும். ஓசை கெடும், தேர்வுத் தாளில் பழைய விடையையே எழுதச் சொல்லும் வழிகாட்டி நூல்கள் சில காலம் தொல்லை தரும். லூமுட்டிலிருந்து திரும்பிய பிள்ளைக்கு, "நீ நின்றது நெய்தல், மதியம் செருப்பில்லாமல் நடந்து பார்த்தாயா?" என்று ஆசிரியர் திருப்பிக் கேட்கலாம்.